நாலு வீடு கட்டிய உம்மாவும் ஆசியா நாயகி கேட்ட வீடும்

கடலோரத்தாள்

அஸ்ஸலாமு அலைக்கும். இது ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கேட்கிற இழை இல்லை. மனதில் கிடக்கிற ஒன்றை இறக்கி வைக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எங்கள் உம்மாவுக்கு நாங்கள் நாலு பெண் பிள்ளைகள். இலங்கையின் கிழக்குக் கரையில் எங்கள் சாய்ந்தமருதுக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இருக்கிற வீட்டை மூத்தவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் மிச்சப் பிள்ளைகளோடு பக்கத்து வளவில் கொட்டில் போட்டுக் குடியிருப்பார்கள். கொட்டில் மெல்ல மெல்லக் கல்வீடாகும். ஓடு போட்டு, நிலத்துக்குச் சீமெந்து பூசி முடிகிற நேரத்தில் இரண்டாமவளுக்கு மாப்பிள்ளை பேசியிருப்பார்கள். திரும்பவும் கொட்டில். இப்படி உம்மா நாலு வீட்டில் குடிபுகுந்து நாலு வீட்டிலிருந்தும் வெளியே வந்தவர். மூன்றாவதை 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டு போனது, அதையும் திரும்பக் கட்டினார். இப்போது கடைசித் தங்கச்சியின் வீட்டில், குசினிக்குப் பக்கத்து அறையில் இருக்கிறார். அவருடைய பெயரில் ஒரு காணி உறுதியும் இல்லை.

இஷாத் தொழுகைக்குப் பிறகு உம்மா தவறாமல் ஓதுகிற துஆ (பிரார்த்தனை) ஒன்று உண்டு. எகிப்தின் அரசன் ஃபிர்அவ்னின் மனைவி ஆசியா நாயகி கேட்டது. ‘ரப்பிப்னி லீ இந்தக பைத்தன் ஃபில் ஜன்னஹ்.’ என் இரட்சகனே, உன்னிடத்தில், சுவர்க்கத்தில் எனக்கொரு வீட்டைக் கட்டித் தா. போன கிழமை என் மகள் (பதினொரு வயது, வாய் சும்மா இருக்காது) கேட்டாள்: “மூத்தம்மா, உங்களுக்குத்தான் நாலு வீடு இருக்கே?” உம்மா தஸ்பீஹை உருட்டிக்கொண்டே சொன்னார்: “அதெல்லாம் உங்கட உம்மாமாருட வீடு. எனக்கு இனித்தான் வரணும்.”

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அரண்மனையில் இருந்த ராணி ஏன் போயும் போயும் ஒரு வீட்டைக் கேட்டார்? பெண்களுக்குச் சுவர்க்கத்தில் வீடு என்று வேறு எங்கேயும் வந்திருக்கிறதா? ஆண்களுக்குக் கிடைக்கப்போவதைப் பற்றி பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) வேண்டிய மட்டும் கேட்டாயிற்று.

ஓதிக்கொடுக்கிறவள்

வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி. காத்தான்குடியில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்த துஆ ஸூரத்துத் தஹ்ரீமில், 66:11. அவருடைய பெயர் குர்ஆனில் இல்லை, ‘ஃபிர்அவ்னின் மனைவி’ என்றுதான் வரும். ஆசியா பின்த் முஸாஹிம் என்ற பெயர் ஹதீஸில் (நபியவர்களைப் பற்றிய அறிவிப்புகளில்) கிடைக்கிறது. அதற்கு முந்திய ஆயத்தை (வசனத்தை)ச் சேர்த்து ஓதிப் பாருங்கள். நூஹ் நபியின் மனைவியும் லூத் நபியின் மனைவியும் நபிமாரின் வீட்டிலேயே இருந்தார்கள், அந்த வீடு அவர்களைக் காப்பாற்றவில்லை. இவரோ ஃபிர்அவ்னின் வீட்டில் இருந்தார், அந்த வீடு இவரைக் கெடுக்கவில்லை. ‘ஈமான் கொண்டவர்களுக்கு உதாரணம்’ என்று அல்லாஹ் சொல்கிறான். ஈமான் கொண்ட பெண்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை, ஆண்களுக்கும் அவர்தான் உதாரணம்.

நான் பிள்ளைகளுக்கு எப்போதும் சொல்லிக் கொடுக்கிற இடம் ஒன்று. அறபியில் ‘இந்தக’ முதலில் வருகிறது, ‘பைத்தன்’ பிறகுதான். அதாவது ‘உன்னிடத்தில்’ என்று இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டைக் கேட்கிறார். வீட்டுக்கு முன் அயலைத் தேடினார் என்று உலமாக்கள் சொல்வார்கள். நாங்களும் வளவு வாங்கும்போது அயலில் யார் என்றுதானே முதலில் விசாரிக்கிறோம்!

வேறு எங்கே வருகிறது என்று கேட்டீர்கள். நபிகளாரின் முதல் மனைவி ஹதீஜா நாயகி. புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஜிப்ரீல் (அலை) நபிகளாரிடம் வந்து, “இதோ ஹதீஜா ஒரு பாத்திரத்தோடு வருகிறார். அவர் வந்ததும் அவருடைய இரட்சகனிடமிருந்தும் என்னிடமிருந்தும் ஸலாம் சொல்லுங்கள். சுவர்க்கத்தில் முத்தாலான ஒரு வீடு உண்டு என்றும் நன்மாராயம் சொல்லுங்கள். அதில் கூச்சலும் இல்லை, களைப்பும் இல்லை” என்கிறார். பாத்திரத்தில் இருந்தது ஆணமோ (குழம்போ) சாப்பாடோ குடிக்கிற ஏதோ என்று அறிவிப்பாளர் தடுமாறுகிறார். அந்தத் தடுமாற்றம் எனக்குப் பிடிக்கும். ஆணச்சட்டியோடு நடந்து வருகிற ஒரு மனைவி, அவருக்கு வானத்திலிருந்து ஸலாம்.

‘கூச்சலும் இல்லை, களைப்பும் இல்லை’. மேசன் சத்தத்துக்குள்ளும் பிள்ளை அழுகைக்குள்ளும் நாலு வீடு கட்டியவருக்கு இதன் பெறுமதி நன்றாகத் தெரியும். உம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள்.

படிக்கிற பொடியன்

ஒலுவில் கெம்பஸில் படிக்கிறேன். இதோடு சேர்த்து ஒன்று. இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்னத் அஹ்மத் தொகுப்பில் உள்ளது. நபியவர்கள் தரையில் நாலு கோடு கீறி, இது என்ன தெரியுமா என்று தோழர்களிடம் கேட்கிறார்கள். பிறகு தாங்களே சொல்கிறார்கள்: சுவர்க்கத்துப் பெண்களில் மிகச் சிறந்தவர்கள் ஹதீஜா, நபிமகள் ஃபாத்திமா, மர்யம், ஆசியா.

இழை எப்படியும் அங்கே போகும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ‘தாயின் காலடியில் சுவர்க்கம்’ என்று ஆட்டோக்களின் பின்னால் எல்லாம் எழுதியிருக்கிறார்களே, அந்த வாசகத்தின் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது. ஆதாரம் இல்லாததைப் பரப்பக் கூடாது.

நெல்மணி

மகன், பாதி சொல்லிவிட்டு நிறுத்தினால் பலவீனம் உங்கள் பக்கம் வந்துவிடும். நஸாயி தொகுப்பில் ஜாஹிமா (ரலி) என்ற தோழர் வருகிறார். போருக்குப் போக விரும்புகிறேன், ஆலோசனை கேட்க வந்தேன் என்கிறார். “உமக்குத் தாய் இருக்கிறாரா?” “ஆம்.” “அப்படியானால் அவரைப் பற்றிக்கொள்ளும், சுவர்க்கம் அவருடைய கால்களுக்குக் கீழே இருக்கிறது.” ஆட்டோக்காரர் வாசகத்தில் பிழை விட்டிருக்கலாம், கருத்தில் விடவில்லை.

நான் சம்மாந்துறை. முப்பத்தைந்து வருடம் படிப்பித்து ஓய்வுபெற்றவன், திருத்துகிற பழக்கம் போகவில்லை, குறை நினைக்க வேண்டாம்.

படிக்கிற பொடியன்

ஜஸாகல்லாஹ் சேர். அந்த அறிவிப்பு தெரியும், சொல்லாமல் விட்டது பிழைதான். இன்னொன்று கேட்கிறேன். நாலு பேரில் நபியவர்களின் மனைவி ஆயிஷா நாயகி இல்லையே, கெம்பஸில் இதை வைத்து ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது.

நெல்மணி

வாக்குவாதம் பண்ணுகிறவர்களுக்கு அது வேலை. ‘மற்ற உணவுகளை விட தரீத் எப்படிச் சிறந்ததோ அப்படி மற்றப் பெண்களை விட ஆயிஷா சிறந்தவர்’ என்பதும் புகாரியில்தான் இருக்கிறது. தரீத் என்றால் ரொட்டியை இறைச்சி ஆணத்தில் ஊற வைத்த சாப்பாடு. வரிசைப்படுத்தி இலக்கம் போடுவது எங்கள் வேலை இல்லை.

எனக்கு அதிசயமாகப் படுவது வேறு. ஹதீஜா நாயகியின் சிறப்பை எங்களுக்குச் சொன்னவர்களில் ஆயிஷா நாயகியும் ஒருவர். ‘நான் பார்த்தேயிராத ஹதீஜாவின் மேல் எனக்கு வந்த ரோசம் வேறு எவர் மேலும் வரவில்லை’ என்று தானே ஒத்துக்கொண்டு சொல்கிறார். நபியவர்கள் ஃபாத்திமா நாயகியின் காதில் ஏதோ சொல்ல அவர் அழுததும், மறுபடி சொல்ல அவர் சிரித்ததும் தெரியும்தானே? முதலில் சொன்னது தன் மரணம் நெருங்கியதை. பிறகு சொன்னது, ‘நீ சுவர்க்கத்துப் பெண்களின் தலைவி’ என்பதை. அதையும் கேட்டு வாங்கி எங்களிடம் சேர்த்தவர் ஆயிஷா நாயகியே. ரோசம் இருந்தது, மறைக்கவில்லை. இலக்கம் போடுகிறவர்கள் அதைப் படிக்கட்டும்.

தறிக்காரன்

மருதமுனையிலிருந்து. எல்லாரும் அழகாகக் கதைக்கிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகக் கதைக்கிறேன்.

அந்த உம்மா ஏன் நாலு வீடு கட்டினார்? வீடு இல்லாவிட்டால் பிள்ளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது. வீட்டோடு கைக்கூலி (மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற காசு) வேறு. குர்ஆன் (4:4) பெண்ணுக்கு மஹரை (மணக்கொடையை)க் கொடு என்று ஆணுக்குச் சொல்கிறது. 65:6 தலாக் சொல்லப்பட்ட பெண்ணைக்கூட ‘நீங்கள் குடியிருக்கும் இடத்தில் குடியிருத்துங்கள்’ என்கிறது. குடியிருத்த வேண்டியவன் ஆண். எங்கள் ஊரில் ஆண் ஒரு பெட்டியோடு வந்து குடியேறுகிறான், பெண்ணின் உம்மா கொட்டிலுக்குப் போகிறார். நிக்காஹ் துஆவில் மட்டும் ‘ஆதமுக்கும் ஹவ்வாவுக்கும் போல, முஹம்மது நபிக்கும் ஹதீஜா நாயகிக்கும் போல இவர்களை இணைத்து வை’ என்று எல்லாரும் ஆமீன் சொல்கிறோம். சுவர்க்கத்து வீட்டைப் பேசி இங்கத்து அநியாயத்தை மூடாதீர்கள்.

கடலோரத்தாள்

காக்கா, கைக்கூலியைப் பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்துக்கும் மறுப்பு இல்லை. வீட்டைப் பற்றி மட்டும் ஒரு மறுபக்கம் உண்டு.

என் இரண்டாவது ராத்தாவின் (அக்காவின்) கலியாணம் சரிவரவில்லை. மச்சான் ஒரு நாள் பெட்டியோடு போனார். அவர்தான் போனார், ராத்தா போகவில்லை! வீடு ராத்தாவின் பெயரில். பிள்ளைகள் அதே கிணற்றில் குளித்து அதே பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்.

கடலுக்குப் பிறகு நடந்ததையும் சொல்கிறேன். கரையோரத்தில் கட்டக் கூடாது, கிழக்கில் 200 மீற்றர் விட வேண்டும் என்றார்கள். எங்கள் பழைய வளவு அதற்குள். மாற்று வீட்டுக்குப் பதியப் போனபோது படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கோடு. மூன்றாவது ராத்தாவின் வளவு தாய்வழியில் வந்தது, ஆனால் அந்தக் கோட்டில் மச்சானின் பெயரைத்தான் எழுதச் சொன்னார்கள். உம்மா அந்த மேசையில் நின்று வாதாடியது எனக்கு இன்னும் நினைவு. “காணி என்ட உம்மா தந்தது, நான் என்ட மகளுக்குத் தந்தது, இதுக்குள்ள இவர் எங்கால வந்தார்?” மச்சான் பக்கத்தில் நிலத்தைப் பார்த்தபடி நின்றார், பாவம். பலிக்கவில்லை. மூன்றாவது வீட்டை உம்மா கட்டினார் என்று எழுதினேனே, அது கடைசியில் ராத்தாவின் பெயரில் இல்லை. உம்மாவின் துஆவில் ‘லீ’, ‘எனக்கு’ என்று அழுத்தி வருவதை அதற்குப் பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன்.

வாவிக்கரை

நான் மட்டக்களப்பு டவுன், கத்தோலிக்கம். வாசித்துக்கொண்டே இருந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஆட்களிலும் இதே கதைதான். தமிழருக்கும் சோனகருக்கும் (முஸ்லிம்களுக்கும்) தாய்வழிக் குடியும் பெண்ணுக்கு வீடும் இங்கே பொது. முக்குவர் சட்டம் என்று பழைய ஆட்கள் சொல்வார்களே, அதுவும் தாய்வழி உரிமைதான். என் அம்மம்மாவும் மூன்று வீடு மாறியவர்.

ஒரு சந்தேகம். அந்த நாலு பேரில் மர்யம் என்பது எங்கள் மாதா தானே? ஆயித்தியமலைத் திருவிழாவுக்கு நடந்து போகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. உங்கள் வேதத்தில் அவர் எப்படி வருகிறார் என்று யாரிடமும் கேட்டதில்லை.

ஓதிக்கொடுக்கிறவள்

அவர்தான் தங்கச்சி. ஈஸா நபியை (இயேசுவை) நாங்கள் நபி என்கிறோம், நீங்கள் வேறு விதமாக நம்புகிறீர்கள், அந்த வித்தியாசம் பெரியது. ஆனால் தாய் அதே தாய். குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட ஒரே பெண் அவர். 19ஆவது ஸூராவின் பெயரே மர்யம், 98 ஆயத்துகள்.

அவருக்கும் ஒரு வீட்டுக் கதை இருக்கிறது. அவருடைய தாய், இம்ரானின் மனைவி, வயிற்றில் இருக்கிற பிள்ளையை அல்லாஹ்வின் பணிக்கென்று நேர்ச்சை வைக்கிறார். பிறந்தது பெண். “இரட்சகனே, நான் பெண்ணையல்லவா பெற்றுவிட்டேன்” என்கிறார். அந்தப் பெண்ணைத்தான் அல்லாஹ் அழகாக ஏற்றுக்கொண்டான். மிஹ்ராபில் (தொழுமிடத்தில்) இருந்த மர்யமிடம் ஸக்கரிய்யா நபி போகும் போதெல்லாம் அங்கே சாப்பாடு இருக்கும். “இது எங்கிருந்து உனக்கு?” “அல்லாஹ்விடமிருந்து.” (3:35-37)

பிறகு பிள்ளைப்பேறு. குர்ஆனில் மாட்டுத்தொழுவம் இல்லை. தனியாக, ஒரு பேரீச்ச மரத்தின் அடியில். “இதற்கு முன்பே நான் இறந்திருக்கக் கூடாதா” என்கிறார். மரத்தை உன் பக்கம் உலுக்கு, கனி விழும், சாப்பிடு, குடி, கண் குளிர்ந்திரு என்று பதில் வருகிறது (19:23-26). காத்தான்குடி நடுவீதியில் நிற்கிற பேரீச்ச மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் இந்த ஆயத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தி மரத்தை உலுக்கிப் பார்த்துவிட்டு, “அசையவே இல்ல மௌலவியா, பிள்ளை பெத்த கையால எப்படி உலுக்கின?” என்று கேட்டாள். கேள்விதான்.

குவைத்தில் ஒன்பது

நான் எழுத்தில் கெட்டிக்காரி இல்லை. ஏறாவூர். குவைத்தில் ஒன்பது வருடம் வீட்டு வேலை. இரண்டு மகள்மாருக்கும் வீடு அந்தக் காசில்தான்.

ராணி ஏன் வீடு கேட்டார் என்று முதலில் ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். அரண்மனை மாதிரி வீட்டில் இருந்தவள் சொல்கிறேன். மூன்று மாடி, பதினொரு குளியலறை, எல்லாம் நான்தான் கழுவினேன். அந்த வீட்டு மேடமும் அதில் சந்தோசமாக இருக்கவில்லை, இரவில் என்னோடு குசினியில் வந்து உட்கார்ந்து அழுவார். அரண்மனை வேறு, வீடு வேறு. எனக்கு இது பயானில் விளங்கியது இல்லை.

கை வெடித்து இரத்தம் வந்த காலத்தில் அங்கே ஒரு எகிப்துக்காரி சொன்னாள், ஃபாத்திமா நாயகிக்கும் திரிகை அரைத்துக் கை இப்படித்தான் இருந்தது என்று. வேலைக்கு ஆள் கேட்டு வாப்பாவிடம் போனார். ஆள் கிடைக்கவில்லை. படுக்கைக்குப் போகும்போது 33 தடவை சுப்ஹானல்லாஹ், 33 அல்ஹம்துலில்லாஹ், 34 அல்லாஹு அக்பர் சொல்லுங்கள், வேலைக்காரரை விட அது நல்லது என்றார்கள். முதலில் எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. நபிமகளுக்கே ஆள் கிடைக்கவில்லையா என்று. பிறகு யோசித்தேன். அவர் வேலைக்காரி கேட்ட பெண், நான் வேலைக்காரி. அவருக்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால் அந்த ஆள் என்னைப் போல ஒருத்தியாகத்தானே இருந்திருப்பாள். சுவர்க்கத்தின் தலைவி தன் மாவைத் தானே அரைத்தார் என்பது எனக்குப் போதும். இன்றைக்கும் ஓதிவிட்டுத்தான் படுக்கிறேன்.

இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தவர் மறுமையில் நபியோடு இரண்டு விரல் மாதிரிச் சேர்ந்து வருவார் என்று ஒரு ஹதீஸ் உண்டாம். அது உண்மையா? ஏனென்றால் நான் பக்கத்தில் இருந்து வளர்க்கவில்லை. காசுதான் அனுப்பினேன். வளர்த்தது என் உம்மா.

நெல்மணி

உண்மை மகள், ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. இரண்டு பெண்பிள்ளைகளைப் பருவம் அடையும் வரை பராமரித்தவர் என்று வருகிறது. உங்கள் காசு பராமரிப்பு இல்லை என்று யார் சொன்னது? உங்கள் உம்மாவுக்கும் பங்கு இருக்கும், உங்களுக்கும் இருக்கும். அவனிடம் பங்கு குறையாது.

முஸ்லிமிலேயே ஆயிஷா நாயகி அறிவிக்கிற இன்னொன்று. ஒரு ஏழைப் பெண் இரண்டு மகள்மாரோடு வருகிறாள். மூன்று பேரீச்சம்பழம் கொடுக்கிறார். பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று, தனக்கு ஒன்று. வாயில் வைக்கப் போகிற நேரம் பிள்ளைகள் அதையும் கேட்கிறார்கள். இரண்டாகப் பிளந்து கொடுத்துவிடுகிறாள். அதனால் அல்லாஹ் அவளுக்குச் சுவர்க்கத்தை விதித்துவிட்டான் என்று நபியவர்கள் சொன்னார்கள். அந்தப் பெண்ணின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. இந்த இழையைத் தொடங்கிய மகளின் உம்மா பேரீச்சம்பழத்துக்குப் பதில் வீட்டைப் பிளந்திருக்கிறார்.

படிக்கிற பொடியன்

வீடு என்று வரும் இன்னும் இரண்டு. ஒன்று உம்மு ஹபீபா நாயகி அறிவிப்பது, முஸ்லிமில். பகலும் இரவுமாக ஃபர்ளு (கட்டாயத் தொழுகை) அல்லாத 12 ரக்அத் தொழுபவருக்குச் சுவர்க்கத்தில் ஒரு வீடு கட்டப்படும். கேட்ட நாளிலிருந்து நான் அவற்றை விட்டதில்லை என்கிறார்.

மற்றது திர்மிதியில். ஒருவரின் பிள்ளை இறந்தால், ‘அவரது இதயத்தின் கனியைப் பறித்துவிட்டீர்களா, அவர் என்ன சொன்னார்’ என்று அல்லாஹ் மலக்குகளிடம் (வானவர்களிடம்) கேட்கிறான். ‘உன்னைப் புகழ்ந்தார், இன்னாலில்லாஹி (நாங்கள் அல்லாஹ்வுக்கே உரியவர்கள்) சொன்னார்’ என்கிறார்கள். ‘அவருக்குச் சுவர்க்கத்தில் ஒரு வீட்டைக் கட்டுங்கள், அதற்கு பைத்துல் ஹம்து என்று பெயர் வையுங்கள்.’ புகழின் வீடு.

தறிக்காரன்

கடைசியாகச் சொன்னதைப் பற்றி.

எங்களுக்கும் கடலில் ஒரு பிள்ளை போனது. ஆறு வயது, பெண். வீட்டில் அவ, என் மனைவி, இன்னாலில்லாஹி சொல்லவில்லை. ஒரு மாதம் ஒன்றுமே சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் சுபஹுக்குத் தொழுதுவிட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றா, அவ்வளவுதான். ஒரு மாதம் பிந்தியது கணக்கில் வருமா என்று மௌலவிமாரிடம் கேட்க எனக்கு இன்று வரை துணிவு வரவில்லை. தறியில் அந்த மாதம் நெய்த சேலை பாதியில் நிற்கிறது, அவ வெட்ட விடவில்லை.

சீதனத்தைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான்.

ஓதிக்கொடுக்கிறவள்

காக்கா, தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. யஃகூப் நபி யூஸுஃபுக்காக அழுது கண்ணே வெளுத்துப் போனது (12:84). அல்லாஹ் அதைக் குறையாக எழுதவில்லை. அவவுக்கு என் ஸலாம் சொல்லுங்கள்.

கடலோரத்தாள்

எல்லாவற்றையும் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். குவைத் ராத்தாவின் இடத்தில் நிறுத்தச் சொல்லி, இரண்டாந்தரம் வாசிக்கச் சொன்னார். மருதமுனைக் காக்கா சீதனத்தைப் பற்றிச் சொன்னதற்கு, “அவர் சொல்றது சரி, ஆனா நாலு பிள்ளையையும் வெச்சிக்கிட்டு நான் சரி பிழை பாத்துக்கிட்டு இருக்கேலுமா” என்றார். பிள்ளையைப் பற்றி எழுதியதை வாசித்தபோது ஒன்றும் பேசவில்லை. எழுந்து தொழுகைக்கு வுழூ எடுக்கப் போய்விட்டார்.

திரும்பி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். சிரிக்க வேண்டாம். “அந்த வீட்டுக்குக் கிணறு இருக்குமா எண்டு கேளு.”

விளக்கம் சொல்கிறேன். கடல் வந்துபோன பிறகு எங்கள் வளவுக் கிணறு உப்பாகிவிட்டது. எத்தனை தரம் இறைத்தும் சரிவரவில்லை. தேத்தண்ணிக்கு உம்மா குடத்தோடு மேற்கே உள்வீதி வரை போய்வந்தார், வருடக்கணக்கில். நாலு வீட்டிலும் அவர் முதலில் வெட்டுவித்தது கிணற்றைத்தான்.

ஓதிக்கொடுக்கிறவள்

ஸூரத்து முஹம்மத், 47:15. ‘மாஇன் கைரி ஆஸின்’. சுவர்க்கத்தில் கெட்டுப்போகாத தண்ணீர் ஆறுகள், சுவை மாறாத பால் ஆறுகள், தேன் ஆறுகள். பாலுக்கும் தேனுக்கும் முன்னால் தண்ணீரைத்தான் சொல்லியிருக்கிறான். உம்மாவிடம் சொல்லுங்கள், கிணறு வெட்டத் தேவையில்லை, வீட்டுக்குக் கீழே ஆறு ஓடும். உப்பாகாது.

கடலோரத்தாள்

சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்ப கயிறும் வாளியும் இவளுக்கே இருக்கட்டும்” என்று தங்கச்சியைக் காட்டிச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.